கிராஃபீனில் எலக்ட்ரான் எதில் முட்டிக்கொள்கிறது? – வாசகர் கேள்வி-பதில்

சென்ற இதழில், கிராஃபீன் (ஓர் அணுவின் தடிமனே உள்ள கார்பன் தாள்) போன்ற இருபரிமாணப் பொருள்களைப் பற்றி இரண்டு பத்திகள் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, இத்துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவர்கள் நாள் முழுக்க என்னதான் செய்கிறார்கள் என்பதையே வெவ்வேறு விதமாகக் கேட்டிருந்தன. ஆய்வில் இறங்க நினைப்பவர்கள், இறங்கிவிட்டுத் திகைத்து நிற்பவர்கள், வெறும் ஆர்வத்தால் எழுதியவர்கள் என்று பலரும் இருப்பதால், பதில்கள் எல்லாம் ஒரே அளவில் இரா.

கேள்வி (பள்ளி ஆசிரியர் ஒருவர்): ‘எலக்ட்ரான் கடத்தல்’ என்ற தலைப்பில் ஒரு முனைவர் பட்டமா? மின்சாரம் கம்பியில் எப்படிப் பாய்கிறது என்பதை ஓமின் விதியாகப் பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறோமே, அதற்குமேல் ஆராய என்ன இருக்கிறது?

பதில்: முதலில் சொல்லைப் பற்றி. நாளிதழ் படித்துப் பழகியவர்களுக்குக் ‘கடத்தல்’ என்றதும் வேறொரு தொழில்தான் நினைவுக்கு வரும். ஆனாலும் மின்கடத்தி, வெப்பக்கடத்தல் என்று பாடநூல்கள் நிலைநிறுத்திவிட்ட சொல் என்பதால் நானும் அதையே கையாள்கிறேன்.

ஓமின் விதி பொய்யில்லை. அது ஒரு சராசரிக் கணக்கு. அறை வெப்பநிலையில் செம்புக் கம்பிக்குள் ஓர் எலக்ட்ரான் சராசரியாக 40 நானோமீட்டர் அளவுக்குச் சென்றதுமே ஏதோ ஒன்றில் மோதித் திசை மாறிவிடுகிறது. கம்பியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குள் இத்தகைய மோதல்கள் எண்ணிலடங்காமல் நிகழ்வதால், தனி எலக்ட்ரான் எங்கே போயிற்று, எப்படித் திரும்பிற்று என்ற கதையெல்லாம் கரைந்துபோய், மின்தடை என்ற ஒற்றை எண் மட்டும் நம் கைக்கு வருகிறது. மோதாமல் செல்லும் அந்தச் சராசரித் தூரத்தை, நாம் செய்யும் கருவியின் நீளத்தைவிடப் பெரிதாக்கிவிட்டால், ஓமின் விதி நின்றுகொண்டிருந்த தரையே நழுவிவிடும். நீளத்தை இருமடங்காக்கினால் தடையும் இருமடங்காகவேண்டும் என்ற கட்டாயம் அப்போது இல்லை. எலக்ட்ரான் நேர்கோட்டில் விரைகிறது. விளிம்பில் பட்டால் பந்துபோலத் திரும்புகிறது. அது அலையாகவும் இருப்பதால் தன்னோடு தானே குறுக்கிட்டும் கொள்கிறது.

நன்கு தயாரித்த கிராஃபீனில், மிகுந்த குளிர்நிலையில், இந்தத் தூரம் 10 மைக்ரோமீட்டரைத் தாண்டியிருக்கிறது. நாம் வெட்டி எடுக்கும் கருவியின் அகலமோ வழக்கமாக ஓரிரு மைக்ரோமீட்டர்தான். எலக்ட்ரான் எதில் முட்டிக்கொள்கிறது, எதில் முட்டாமல் தப்புகிறது என்று கேட்பதே இத்துறையின் வேலை. கிராஃபீனைத் தனியே பிரித்தெடுத்த 2004 முதல் நடந்திருப்பதையெல்லாம் இந்த ஒரு கேள்விக்குள் அடக்கிவிடலாம் என்பது என் எண்ணம்.

கேள்வி (இளங்கலை மாணவர் ஒருவர்): கிராஃபீனுக்குள் எலக்ட்ரானுக்கு நிறையே இல்லை என்றும், அது ஒளியைப்போல ஓடுகிறது என்றும் படித்தேன். எலக்ட்ரானின் நிறை எங்கே போகிறது?

பதில்: எங்கும் போவதில்லை. கிராஃபீனிலிருந்து ஓர் எலக்ட்ரானை வெளியே எடுத்து நிறுத்துப் பார்த்தால் பாடநூலில் உள்ள அதே நிறைதான் இருக்கும். படிகத்துக்குள் இருக்கும் எலக்ட்ரான் தனியாள் இல்லை. சுற்றியுள்ள அணுக்களின் ஒழுங்கான வரிசையோடு சேர்ந்தே அது அசைகிறது. ஆகவே அதன் ஆற்றலுக்கும் உந்தத்துக்கும் உள்ள உறவைப் படிகமே தீர்மானிக்கிறது. திடப்பொருள் இயற்பியலில் ‘நிறை’ என்று சொல்வது அந்த உறவுக் கோட்டின் வடிவத்திலிருந்து பெறும் எண்ணைத்தான்.

கிராஃபீனில் கார்பன் அணுக்கள் 0.142 நானோமீட்டர் இடைவெளியில், தேன்கூட்டு அமைப்பில் நிற்கின்றன. பார்வைக்கு எல்லா அணுவும் ஒன்றுபோலிருந்தாலும், ஓர் அணுவின் மூன்று அண்டை அணுக்களும் ஒரு திசையை நோக்கியிருந்தால், அடுத்த அணுவுக்கு அவை எதிர்த்திசையை நோக்கியிருக்கும். இப்படி இரண்டு வகை இருக்கைகள் இருப்பதன் விளைவை 1947ஆம் ஆண்டிலேயே வாலஸ் என்பவர் கணக்கிட்டுவிட்டார். அவருக்குத் தேவைப்பட்டது, இத்தகைய தாள்கள் அடுக்கடுக்காகக் குவிந்த கிராஃபைட்டின் ஆற்றல் பட்டை, அதாவது அதில் எலக்ட்ரான்கள் இருக்கக்கூடிய ஆற்றல்களின் தொகுதி. ஒற்றை அடுக்கு என்பது அதற்கு ஏறும் வழியில் ஒரு படியாகவே இருந்தது. அந்தக் கணக்கின்படி, நிரம்பிய பட்டையும் காலியான பட்டையும் சில புள்ளிகளில் மட்டும் தொட்டுக்கொள்கின்றன. அப்புள்ளிகளுக்கு அருகே ஆற்றல் உந்தத்துக்கு நேர்விகிதத்தில் உயர்கிறது. நிறையில்லாத ஒளிக்கும் இதே நேர்கோட்டு உறவுதான் என்பதால் ‘நிறையில்லை’ என்கிறோம். ஆற்றல் கூடினாலும் குறைந்தாலும் எலக்ட்ரானின் வேகம் நொடிக்குச் சுமார் 10 லட்சம் மீட்டராகவே இருக்கிறது. இது ஒளியின் வேகத்தில் முந்நூற்றில் ஒரு பங்கு. ஆக, ஒளியைப்போன்ற விதிக்கு உட்படுகிறதே தவிர, ஒளியின் வேகத்தில் ஓடவில்லை.

இது வெறும் உவமையாக நின்றிருந்தால் இவ்வளவு பேர் இதன் பின்னால் போயிருக்க மாட்டார்கள். 2005இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகக் குழுவும் கொலம்பியா பல்கலைக்கழகக் குழுவும் தனித்தனியே செய்த குவாண்டம் ஹால் விளைவு (வலுவான காந்தப்புலத்தில் குறுக்குவாட்டுக் கடத்துதிறன் படிப்படியாக மாறுவது) அளவீடுகளில், படிக்கட்டுகள் வழக்கமான இடங்களில் வராமல், 2, 6, 10 என்ற வரிசையில் அரைப்படி தள்ளி வந்தன. நிறையில்லா எலக்ட்ரானுக்கு மட்டுமே உரிய கையொப்பம் அது.

கேள்வி (முதுகலை மாணவி ஒருவர்): எலக்ட்ரானின் இயங்குதிறன் பற்றித் தேடினால், கிராஃபீனுக்கு ஓரிடத்தில் 10,000 என்றும், ஓரிடத்தில் ஒரு லட்சம் என்றும், வேறோர் இடத்தில் 2 லட்சம் என்றும் போட்டிருக்கிறார்கள். ஒரே பொருளுக்கு எப்படி இத்தனை எண்கள்? எதை நம்புவது?

பதில்: எல்லாவற்றையும் நம்பலாம். இயங்குதிறன் என்பது, கொடுக்கும் மின்புலத்துக்கு ஈடாக எலக்ட்ரான் எவ்வளவு விரைவாக நகரும் என்பதன் அளவு. தாங்கள் குறிப்பிடும் எண்கள் சதுர சென்டிமீட்டர்/வோல்ட்-நொடி என்ற அலகில் உள்ளவை. அந்த எண் கிராஃபீனுடையதாகக் குறிக்கப்பட்டாலும், பெரும்பாலும் அது கிராஃபீனின் அக்கம்பக்கத்தைப் பற்றிய செய்திதான்.

ஒரு செம்புக் கட்டிக்குள் இருக்கும் எலக்ட்ரானுக்கு வெளியுலகம் தெரியாது. கிராஃபீனில் உள்ள எலக்ட்ரானுக்கோ உட்புறம் என்பதே இல்லை. மேலேயும் பரப்பு, கீழேயும் பரப்பு. மான்செஸ்டரின் கெய்மும் நோவோசெலோவும் 2004இல் ஒட்டுநாடாவால் கிராஃபைட்டை உரித்து, சிலிக்கான் ஆக்சைடின் மேல் படியவைத்து அளந்தபோது கிடைத்தவை 10,000ஐ ஒட்டிய எண்கள். அக்காலத்தில் அதுவே வியப்பாக இருந்தது. ஆனால் அந்த ஆக்சைடு, அணு அளவில் பார்த்தால், மேடும் பள்ளமுமான தரை. அதில் ஆங்காங்கே சிக்கிக்கிடக்கும் மின்னூட்டங்கள் மேலே உள்ள கிராஃபீனை இழுத்தும் தள்ளியும் குழப்புகின்றன. சராசரியாக மின்னூட்டமே இல்லாத நிலைக்குக் கிராஃபீனைக் கொண்டுவந்தாலும், ஓரிடத்தில் எலக்ட்ரான் குட்டையும் பக்கத்தில் துளைக் குட்டையுமாக (துளை என்பது நேர்மின்னூட்டம்போல நடந்துகொள்ளும் எலக்ட்ரான் காலியிடம்) தேங்கியிருப்பதை 2008இல் வரைபடமாகவே எடுத்துக் காட்டினார்கள். மழை விட்ட பிறகு மேடுபள்ளமான மைதானம் எப்படி இருக்குமோ அப்படி.

தரைதான் சிக்கல் என்றால் தரையையே எடுத்துவிடலாமே என்று, அதே 2008இல் கொலம்பியா குழு கிராஃபீனுக்கு அடியிலிருந்த ஆக்சைடை அரித்து நீக்கி, அதை அந்தரத்தில் தொங்கவிட்டது. மின்னோட்டத்தாலேயே சூடாக்கி ஒட்டியிருந்த அழுக்கையும் நீக்கியபோது, குளிர்நிலையில் இயங்குதிறன் 2 லட்சத்தைத் தாண்டியது. ஆனால் தொங்கும் தாளில் வேலை செய்வது சர்க்கஸ்; மின்னழுத்தத்தைச் சற்றுக் கூட்டினால் தாள் கீழே இழுக்கப்பட்டுக் கிழிந்துபோகும்.

தீர்வு 2010இல் வந்தது. அறுகோணப் போரான் நைட்ரைடு என்ற மின்காப்புப் படிகம் கிராஃபீனைப்போலவே தேன்கூட்டு அமைப்புடையது; அணு இடைவெளியில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 2 விழுக்காட்டுக்கும் குறைவு; மேற்பரப்பு தட்டை; சிக்கிய மின்னூட்டங்களும் அரிது. அதன்மேல் வைத்தபோது கிராஃபீன் படுக்கை கிடைத்ததுபோல் அமைதியானது. இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, அந்தப் படிகங்கள் வந்த வழி. ஜப்பானின் சுகுபா நகரில் உள்ள தேசியப் பொருளறிவியல் நிறுவனத்தில் தனிகுச்சி, வதனாபே என்ற இருவர் உயர் அழுத்தத்தில் அவற்றை வளர்த்துவந்தார்கள். புற ஊதா ஒளியுமிழ்தலில்தான் அவர்களுடைய ஆர்வம் இருந்தது. கிராஃபீனுக்காக அவர்கள் தொடங்கவில்லை. இன்று உலகெங்கும் வெளியாகும் கிராஃபீன் கட்டுரைகளின் ஆசிரியர் பட்டியலில் அந்த இரு பெயர்களையும் காணாமல் பல பக்கங்கள் புரட்டுவது கடினம்.

2013இல் கிராஃபீனின் இருபுறமும் போரான் நைட்ரைடை வைத்து மூடி, விளிம்பின் வழியாக மட்டும் உலோகத் தொடர்பு கொடுக்கும் முறையும் வந்துவிட்டது. அறை வெப்பநிலையிலேயே ஒரு லட்சத்துக்கு மேல் கிடைக்கத் தொடங்கியது. அதற்குமேல் தடுப்பது கிராஃபீன் அணுக்களின் சொந்த அதிர்வு. அது தூய்மையால் போகாது, குளிரால்தான் அடங்கும். எண்ணுக்கு உருவம் வேண்டுமானால் இப்படிக் கணக்கிடலாம்: சதுர சென்டிமீட்டருக்கு ஒரு லட்சம் கோடி எலக்ட்ரான்கள் இருக்கும்போது, இயங்குதிறன் 10,000 என்றால் மோதாமல் செல்லும் தூரம் சுமார் 0.12 மைக்ரோமீட்டர், ஒரு லட்சம் என்றால் 1.2 மைக்ரோமீட்டர். இரண்டாவது எண்ணில் எலக்ட்ரான் ஒரு கருவியை முழுதாகக் கடந்துவிடுகிறது. அடுத்தமுறை எங்காவது ஓர் எண்ணைப் பார்த்தால், எந்தத் தரையில், எந்த வெப்பநிலையில், எத்தனை எலக்ட்ரான் அடர்த்தியில் என்ற மூன்றையும் தேடுங்கள். மூன்றும் இல்லாத எண் விளம்பரத்துக்கு மட்டுமே உதவும்.

கேள்வி (இரண்டாம் ஆண்டு ஆய்வு மாணவர் ஒருவர்): சிலிக்கான் ஆக்சைடின் மேல் கிராஃபீன் கருவி செய்து அளந்தேன். மின்தடையின் உச்சம் கேட் மின்னழுத்தம் பூச்சியத்தில் வராமல் +25 வோல்ட்டில் வருகிறது. மேலேற்றும்போது ஒரு கோடும் இறக்கும்போது வேறு கோடும் கிடைக்கின்றன. உச்சத்தின் இருபுறமும் ஒன்றுபோலவும் இல்லை. நெறியாளரிடம் காட்டினால் “சாம்பிள் அழுக்கு” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். நான் என்ன செய்வது?

பதில்: நெறியாளர் சொன்னது உண்மைதான், ஆனால் தாங்கள் சொன்ன மூன்று அறிகுறிகளுக்கும் மூன்று தனித்தனிக் காரணங்கள் இருக்கலாம் என்பதால், ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

கேட் என்பது, ஆக்சைடுக்கு அடியிலிருந்து கிராஃபீனின் எலக்ட்ரான் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைக்கும் மின்முனை; கூடுதல் மின்னூட்டம் இல்லாத இடத்தில்தான் தடை உச்சமாகும், தூய கிராஃபீனில் அது பூச்சியத்தில் வரவேண்டும். உச்சம் தள்ளிப்போயிருப்பதற்கு, கிராஃபீனின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் நீர், ஆக்சிஜன், கருவியின் வடிவத்தைப் பொறிக்கும் லித்தோகிராஃபியின்போது பூசிய பாலிமரின் மிச்சம் ஆகியவை எலக்ட்ரானைப் பறித்துத் துளைகளை விட்டுச்செல்வதுதான் வழக்கமான காரணம். தங்கள் ஆக்சைடு 300 நானோமீட்டர் தடிமன் என்று கொண்டால், ஒரு வோல்ட்டுக்குச் சதுர சென்டிமீட்டரில் சுமார் 7,200 கோடி மின்னூட்டங்கள் சேரும். 25 வோல்ட் என்றால் 1.8 லட்சம் கோடி. கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் அதே பரப்பில் உள்ள கார்பன் அணுக்களோடு ஒப்பிட்டால், ஏறக்குறைய 2,000 அணுவுக்கு ஒரு துளைதான் கூடுதல். அவ்வளவு சிறிய அழுக்கையே தங்கள் அளவீடு காட்டிக்கொடுக்கிறது என்பதை நினைத்தால், நெறியாளரின் ஒற்றை வார்த்தை அவ்வளவு கடுமையாகத் தோன்றாது.

ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் கோடு மாறுவது, கேட் மின்னழுத்தத்தைத் தொடர்ந்து மின்னூட்டங்கள் ஆக்சைடின் பரப்பிலும் அதில் படிந்த நீரிலும் மெல்லச் சிக்குவதாலும் விடுபடுவதாலும் வருகிறது. இதைச் சோதிப்பது எளிது. மின்னழுத்தத்தை மாற்றும் வேகத்தைப் பாதியாக்குங்கள். கோடுகளுக்கு இடையிலுள்ள இடைவெளி மாறினால் சிக்கும் மின்னூட்டமே குற்றவாளி. பிறகு கருவியை வெற்றிடத்தில் வைத்து மிதமாகச் சூடாக்கி, வெளியே எடுக்காமலே மீண்டும் அளந்துபாருங்கள். உச்சம் பூச்சியத்தை நோக்கி நகர்வதையும் இரு கோடுகள் நெருங்குவதையும் பார்க்கும்போது, ஓர் அத்தியாயம் எழுதி முடித்த நிறைவு வரும்.

இருபுறமும் ஒன்றுபோல் இல்லாததற்கு முதலில் தொடர்பு உலோகத்தைச் சந்தேகிக்க வேண்டும். உலோகம் தன் அடியிலும் அருகிலும் உள்ள கிராஃபீனுக்கு மின்னூட்டம் கொடுப்பதால், ஒரு பக்கத்தில் கேட்டை உயர்த்தும்போது தொடர்புக்கு அருகே எலக்ட்ரான் பகுதியும் துளைப் பகுதியும் சந்திக்கும் எல்லை உருவாகிறது. அது கூடுதல் தடை. இரு முனையில் அளந்திருந்தால் இந்தத் தடையெல்லாம் தங்கள் கிராஃபீனின் தலையில்தான் விழும். ஆகவே ஹால் பட்டை வடிவில் (பக்கவாட்டில் பல முனைகள் நீட்டிய பட்டையாக) வெட்டி, இரு முனைகளில் மின்னோட்டத்தைச் செலுத்தி, வேறு இரு முனைகளில் மின்னழுத்தத்தைப் படியுங்கள். எலக்ட்ரான் அடர்த்தியையும் கேட்டின் கணக்கை மட்டும் நம்பி எழுதாமல், சிறு காந்தப்புலத்தில் குறுக்கே எழும் மின்னழுத்தமான ஹால் விளைவால் சரிபாருங்கள்.

அளவீட்டு முறையையும் ஒருமுறை புரட்டிப்பாருங்கள். திரவ ஹீலியத்தின் 4.2 கெல்வினில் வெப்ப ஆற்றல் 0.36 மில்லி எலக்ட்ரான்வோல்ட் மட்டுமே. அதைவிடக் கூடுதலான மின்னழுத்தம் கருவியின் குறுக்கே விழுந்தால், வெப்பமானி 4.2 என்று காட்டினாலும் எலக்ட்ரான்கள் அந்தக் குளிரில் இல்லை. மின்னோட்டத்தைப் பாதியாகக் குறைத்தும் அதே தடை வந்தால் பயமில்லை. ஒரே அதிர்வெண்ணில் உள்ள சிறு சமிக்ஞையை மட்டும் பிரித்தெடுக்கும் லாக்-இன் பெருக்கியின் அதிர்வெண்ணை மின்விநியோகத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்சுக்கும் அதன் மடங்குகளுக்கும் விலக்கி, 17 போன்ற ஓர் எண்ணில் வையுங்கள். கடைசியாக, மின்னோட்ட முனைகளையும் மின்னழுத்த முனைகளையும் இடம் மாற்றி, காந்தப்புலத்தையும் திருப்பி அளந்துபாருங்கள். இரண்டு அளவுகளும் ஒன்றாக வரவேண்டும் என்பது நேர்கோட்டுப் பதில் தரும் எந்தக் கருவிக்கும் பொருந்தும் விதி. வராவிட்டால், தங்கள் கண்டுபிடிப்பு பெரும்பாலும் ஒரு தளர்ந்த கம்பியாக இருக்கும்.

இன்னொன்று. முனைகளை மாற்றும்போது எல்லாவற்றையும் தரையோடு இணைத்துவிட்டு மாற்றுங்கள். நான் ஆய்வு மாணவனாக இருந்தபோது நான்கு மாத உழைப்பில் உருவான ஒரே நல்ல கருவி, நிலைமின்னூட்டம் ஏறிய என் விரல் ஓர் இணைப்பியைத் தொட்ட நொடியில் ஆவியானது. நுண்ணோக்கியில் பார்த்தபோது கிராஃபீன் இருந்த இடத்தில் ஒரு கருந்தழும்புதான் இருந்தது. அதற்குப் பிறகு மணிக்கட்டில் தரையிணைப்புப் பட்டை இல்லாமல் நான் எதையும் தொட்டதில்லை.

கேள்வி (மின்னணுப் பொறியாளர் ஒருவர்): சிலிக்கானுக்கு மாற்று என்று சொல்லிச் சொல்லியே ஆண்டுகள் போய்விட்டன. கிராஃபீன் கணினிச் சில்லு எப்போது வரும்?

பதில்: தருக்கச் சுற்றுகளைப் பொறுத்தவரை, இப்போதுள்ள வடிவில் வராது என்றே நினைக்கிறேன். சுவிட்சு என்றால் அணைய வேண்டும். கிராஃபீனில் பட்டை இடைவெளி (நிரம்பிய பட்டைக்கும் காலியான பட்டைக்கும் நடுவேயான ஆற்றல் இடைவெளி) இல்லாததால், மின்தடையின் உச்சத்திலும் அது தாராளமாகக் கடத்துகிறது. அறை வெப்பநிலையில் ‘ஆன்’ நிலைக்கும் ‘ஆஃப்’ நிலைக்கும் உள்ள விகிதம் பத்தை ஒட்டியே நின்றுவிடுகிறது. மின்புலத்தால் மதில் எழுப்பித் தடுக்கலாம் என்றால் அதுவும் நடப்பதில்லை. நிறையில்லாத எலக்ட்ரான் மதிலை நேராக வந்து தொட்டால் முழுமையாக ஊடுருவிச் சென்றுவிடும். இயற்பியலாளர் ஆஸ்கர் கிளைன் 1929இல் காகிதத்தில் கண்ட இந்த விசித்திரம் கிராஃபீனில் பார்க்கக்கூடியது என்று 2006இல் முன்மொழியப்பட்டு, 2009இல் சோதனைகளில் சான்றும் கிடைத்தது. இயற்பியலாளருக்கு விருந்து, பொறியாளருக்குத் தலைவலி.

இரட்டையடுக்குக் கிராஃபீனில் செங்குத்தான மின்புலத்தால் 0.25 எலக்ட்ரான்வோல்ட் வரை இடைவெளி திறக்கலாம் என்று 2009இல் காட்டினார்கள். அது சுவிட்சுக்குப் போதாது. மாலிப்டினம் டைசல்ஃபைடு போன்ற உறவினர்களுக்கு இயல்பிலேயே இடைவெளி உண்டு. 2011இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் உருவான அதன் ஒற்றையடுக்கு டிரான்சிஸ்டர் 10 கோடி மடங்கு விகிதத்தைக் காட்டியது. ஆனால் அங்கே இயங்குதிறன் குறைவு, உலோகத் தொடர்பு அமைப்பதும் கடினம். சிக்கல் இடம் மாறியிருக்கிறது.

கிராஃபீன் சத்தமில்லாமல் வென்ற இடம் வேறு. குவாண்டம் ஹால் விளைவில் தோன்றும் 25,812.807 ஓம் என்ற தடை, இயற்கை மாறிலிகளால் மட்டுமே அமைந்தது. மின்தடையின் அளவுகோல் அதுவே. அதைச் சிலிக்கான் கார்பைடின் மேல் வளர்த்த கிராஃபீனில், வழக்கமான குறைகடத்திகளுக்குத் தேவைப்படுவதைவிடக் குறைந்த காந்தப்புலத்திலும் கூடுதல் வெப்பநிலையிலும் பெறமுடிகிறது. விளம்பரம் இல்லாத பயன் என்பதால் பலருக்கும் தெரிவதில்லை.

கேள்வி (ஆர்வமுள்ள வாசகர் ஒருவர்): எலக்ட்ரான்கள் தண்ணீர்போல ஓடுகின்றன என்று ஒரு செய்தி படித்தேன். மின்னோட்டம் என்ற சொல்லிலேயே ஓட்டம் இருக்கிறதே, இதில் புதிதாக என்ன?

பதில்: சொல்லில் இருந்ததுதான், பொருளில் இல்லை. தண்ணீரில் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஓயாமல் மோதுகின்றன. அம்மோதல்களில் உந்தம் கைமாறுகிறதே தவிர அழிவதில்லை. அதனால்தான் பாகுநிலை, சுழிப்பு எல்லாம். சாதாரண உலோகத்தில் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று சந்திப்பதற்குள் மாசிலோ அணு அதிர்விலோ மோதி உந்தத்தை இழந்துவிடுகின்றன. ஊசிகள் நிறைந்த பலகையில் உருளும் கோலிகளை யாரும் நீரோட்டம் என்று சொல்லமாட்டார்கள்.

இயங்குதிறன் பற்றிய பதிலில் சொன்னபடி கிராஃபீனின் அக்கம்பக்கத்தைத் தூய்மையாக்கிக்கொண்டே போனால், எலக்ட்ரானுக்கு முட்டிக்கொள்ள மிஞ்சுவது இன்னொரு எலக்ட்ரான்தான். மிகக் குளிரில் அவையும் ஒன்றையொன்று சந்திப்பது அரிது; மிக வெப்பத்தில் அணு அதிர்வுகள் குறுக்கிடும். இரண்டுக்கும் நடுவே, 100 கெல்வினுக்கு மேலுள்ள ஒரு வெப்பநிலை வரம்பில், எலக்ட்ரான்கள் உண்மையாகவே பாகுபோல் நடந்துகொள்கின்றன. இதை 1963ஆம் ஆண்டிலேயே சோவியத் அறிஞர் குர்ழி முன்னுரைத்தார். வெப்பம் ஏறும்போது மின்தடை குறையக்கூடும் என்பது அவர் கணக்கு.

2016இல் மான்செஸ்டர் குழு, மின்னோட்டம் நுழையும் முனைக்கு மிக அருகே மின்னழுத்தம் எதிர்க்குறியில் வருவதைக் கண்டது. குழாயிலிருந்து பீறிடும் நீர் பக்கத்திலிருக்கும் நீரையும் இழுத்துச்சென்று சுழிக்கச் செய்வதுபோன்ற விளைவு அது. அடுத்த ஆண்டு அதே குழு, குறுகிய இடுக்கு வழியாக இந்தப் பாகு எலக்ட்ரான்கள், மோதலே இல்லாத எலக்ட்ரான்களைவிடவும் எளிதாக நுழைந்து செல்வதைக் காட்டியது. மோதல் கூடினால் தடை கூடும் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தவர்களுக்கு இது சற்றுச் சங்கடமான செய்தி. கூட்ட நெரிசலில் தனியாக முண்டுவதைவிட, வரிசையின் நடுவில் மாட்டிக்கொண்டவர் எளிதாக வாசலைக் கடந்துவிடுவதை நினைத்துக்கொள்ளலாம். உவமை முழுக்கப் பொருந்தாது, ஆனால் திசை சரி.

கேள்வி (முதுகலை முடித்தவர் ஒருவர்): முறுக்கிய கிராஃபீனில் ஆய்வு செய்ய ஆசை. காலம் கடந்துவிட்டதா?

பதில்: ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த இரு கிராஃபீன் அடுக்குகளை ஏறக்குறைய 1.1 பாகை திருப்பினால் எலக்ட்ரான்களின் வேகம் ஒடுங்கிவிடும் என்று 2011இல் பிஸ்ட்ரிட்சரும் மக்டொனால்டும் கணக்கிட்டார்கள். 2018இல் எம்.ஐ.டி. நிறுவனத்தின் ஹரியோ-எரேரோ குழு அந்தக் கோணத்தில் 1.7 கெல்வின் வரை மீக்கடத்துத்திறனை (மின்தடையே இல்லாத நிலையை) கண்டது. அதன்பின் கூட்டம் சேர்ந்துவிட்டது உண்மை. ஆனால் ஒரே கருவிக்குள்ளேயே இடத்துக்கு இடம் கோணம் சற்று மாறுவதால், இரு கருவிகள் ஒன்றுபோல் அமைவதில்லை. ஆகவே தலைப்பைவிட, தாங்கள் சேரவிருக்கும் ஆய்வகத்தில் அடுக்குகளை வைக்கும் கைப்பழக்கம் யாரிடம் இருக்கிறது, அவர் இன்னும் எத்தனை ஆண்டு அங்கே இருப்பார் என்று விசாரியுங்கள்.

கேள்வி (கணிதத்தில் ஈடுபாடுள்ள மாணவர் ஒருவர்): ஆய்வகப் பக்கமே போகாமல் இத்துறையில் கோட்பாட்டு ஆய்வு செய்யமுடியுமா?

பதில்: தாராளமாக. நெருக்கப் பிணைப்பு முறை, போல்ட்ஸ்மன் சமன்பாடு, லாண்டவர்-பியூட்டிக்கர் அணுகுமுறை ஆகிய மூன்றும் கைவந்தால் பெரும்பாலான கட்டுரைகளைப் படித்துவிடலாம். ‘குவான்ட்’ என்ற இலவச மென்பொருளைக் கொண்டு தாங்களே ஒரு கருவியைக் கணினியில் கட்டிப்பார்க்கலாம். இருந்தாலும் ஒரு முறையாவது யாரேனும் அளப்பதை அருகிலிருந்து பாருங்கள். தங்கள் சமன்பாட்டில் ‘ஒழுங்கின்மை’ என்று ஓர் எழுத்தாக நிற்பது அங்கே எத்தனை வடிவில் வருகிறது என்று தெரியும்.

கேள்வி (தாய் ஒருவர்): என் மகள் இத்துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். மூன்றாம் ஆண்டு முடியப்போகிறது, இன்னும் ஒரு கட்டுரைகூட வரவில்லை. கேட்டால், “செதில் தேடுகிறேன்” என்கிறாள். இது என்ன வேலை? கவலைப்பட வேண்டுமா?

பதில்: தங்கள் மகள் பூசி மெழுகாமல் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார். நாடாவால் உரித்த கிராஃபைட்டைச் சில்லின்மேல் அழுத்தி எடுத்தால் நூற்றுக்கணக்கான துணுக்குகள் சிதறிக்கிடக்கும். அவற்றில் பெரும்பாலானவை தடித்தவை. ஒற்றை அடுக்காகவும், போதிய அகலமாகவும், மடிப்பும் கிழிசலும் இல்லாமலும் உள்ள ஒரு செதிலைக் கண்டுபிடிக்க நுண்ணோக்கிக்கு முன்னால் நாள்கணக்கில் உட்கார வேண்டியிருக்கும். பிறகு அதைப் போரான் நைட்ரைடுகளுக்கு நடுவே அடுக்க வேண்டும். அடுக்குகளுக்கிடையே குமிழி தோன்றாத இடமாகப் பார்த்து வெட்ட வேண்டும். உலோகம் பூச வேண்டும். மெல்லிய கம்பிகளை இணைத்துக் குளிரூட்டியில் இறக்க வேண்டும். இதில் எந்தப் படியில் தவறினாலும் மறுபடி செதில் தேடுவதிலிருந்துதான் தொடக்கம். பல கருவிகளில் ஒன்றுதான் அளக்கத் தகுந்ததாக அமையும். ஆனால் அந்த ஒன்று அமைந்துவிட்டால், சில வாரங்களில் ஓர் ஆய்வேட்டின் பாதிக்குத் தேவையான தரவுகள் கிடைத்துவிடுவதும் உண்டு. ஆகவே மூன்றாம் ஆண்டில் கட்டுரை இல்லாதது இத்துறையில் அரிதான செய்தியில்லை. அவரிடம் கேட்கவேண்டியது ஒன்று உண்டு: நெறியாளர் அவருடைய அளவீடுகளை உட்கார்ந்து பார்க்கிறாரா, குளிரூட்டியில் அவருக்கு முறை கிடைக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் கவலையை ஒத்திவைக்கலாம். இல்லை என்றால், அவர் இதைப்பற்றி ஆய்வுக் குழுவில் உள்ள மற்றொரு பேராசிரியரிடம் பேசுவது நல்லது. அதற்கு இது சரியான நேரம்.

வாய்ப்புக் கிடைத்தால் அவருடைய ஆய்வகத்துக்கு ஒருநாள் சென்று, ஒரு செதிலைக் காட்டச் சொல்லுங்கள். அந்தரத்தில் பிடித்தால் விழும் ஒளியில் 2.3 விழுக்காட்டை மட்டுமே உறிஞ்சும் பொருள் அது. ஆனால் ஊதா நிறத்தில் தெரியும் 300 நானோமீட்டர் ஆக்சைடின்மேல் வைத்தால், ஒளிக் குறுக்கீட்டின் புண்ணியத்தால், சுற்றியுள்ள நிறத்தைவிடச் சற்றே அழுத்தமான ஒரு நிழலாகத் தெரியும். முதலில் தங்கள் கண்ணுக்குப் பிடிபடாது; மகள் விரலால் சுட்டிக்காட்டுவார்.